கலினரியும் குசினியும்

சமையலோடு தொடர்புடையது எனப் பொருள்படும் 'கலினரி' என்னும் ஆங்கிலப் பெயரடை, 17ஆம் நூற்றாண்டிலே கற்றோர் ஏட்டின் வழியாக அம்மொழியிற் புகுந்தது. இலத்தீனிற் 'குலீனா' என்பது அடுக்களை. அடுப்பையும் அது குறிக்கும். அதனடியாகப் பிறந்த 'குலீனாரியுஸ்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் இவ்வுருப் பெற்றது. இதற்குப் பல நூற்றாண்டு முன்னரே அதே 'குலீனா' பேச்சு வழியாகப் பழைய ஆங்கிலத்தை அடைந்து, தேய்ந்து, 'கில்ன்' என நின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்கு அதுவே பெயர்.

இவ்விடத்தே நம்மவருட் சிலர்க்கு உற்சாகம் மிகும். 'குலீனா', 'சூளை' என்னும் இரண்டையும் அருகருகே வைத்து, இலத்தீனுக்குத் தமிழே தாய் எனச் சாதிக்கப் புகுவர். அவர்தம் தமிழ்ப்பற்றை நாம் குறைகூறோம். ஆயினும் மாணவர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும்: ஓரிரு எழுத்தின் ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது. ஒரே வகையான ஒலிமாற்றம் பல சொற்களில் ஒழுங்காக நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

அத்தகைய சான்றினைச் சமையற் சொல்லிலேயே காணலாம். சமைத்தலைக் குறிக்கும் வினை இலத்தீனிற் 'கொக்குவெரே', வடமொழியில் 'பச்'. செவிக்கு இவை தம்முள் அந்நியம். ஆனால் ஐந்தினை வடமொழி 'பஞ்ச' என்னுமிடத்து இலத்தீன் 'குவின்குவே' என்கின்றது. அங்கே பகரமும் சகரமும் நின்ற இடங்களில் இங்கே ககரமே நிற்றலை இரு சொற்களிலும் காண்க. 1786இல் சேர் வில்லியம் யோன்ஸ் கல்கத்தாவில் எடுத்துரைத்த மொழியுறவுக்கு இத்தகைய ஒழுங்குகளே பின்னர் ஆதாரமாயின. தமிழோ வேறு குடும்பம் என்பதைக் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் விரித்துக் காட்டினார். எனினும் 'பச்' வழிவந்த 'பக்வ' நம்மிடம் கடனாக வந்து 'பக்குவம்' ஆயிற்று. 'நளபாகம்' என்பதிலுள்ள பாகமும் அவ்வினையடியே.

'கொக்குவெரே' ஈன்ற 'கொக்குவீனா' என்னும் அடுக்களைப் பெயர் ஆங்கிலத்திற் 'கிச்சன்' ஆயிற்று. போர்த்துக்கேயர் நாவில் அதுவே 'கொசீஞா'. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அவர்களது அச்சொல்லே நம் வீட்டுக் 'குசினி'. ஆதலின் குசினி என்பதற்குக் கூசிக் கிச்சன் என்போர், விட்ட சொல்லின் உடன்பிறப்பையே எடுத்தாள்கின்றனர். நம் சொந்தச் சொல்லே வேண்டுவார்க்கு, 'அடு' என்னும் வினையடியாகப் பிறந்த அட்டிலும் அடுக்களையும் உள.