உதவியும் ஏற்றுமதியும்

ஒரு நாடு மற்றொரு நாட்டிற்கு உதவி அளித்தது என்று செய்தித்தாளில் படிக்கும்போது, பணம் அனுப்பினார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். பல சமயங்களில் வருவது பணமன்று. கொடுக்கும் நாட்டின் வயலிலும் ஆலையிலும் விளைந்த பொருளே.

1950-களில் அமெரிக்காவில் கோதுமை தேவைக்கு மேல் விளைந்து கிடங்குகளில் குவிந்தது. அதை உள்நாட்டிலேயே விற்றால் விலை வீழ்ந்து உழவர் நலிவர். எனவே 1954-இல் ‘பொதுச் சட்டம் 480’ இயற்றப்பட்டது. அதன்படி, டாலர் கையிருப்பு இல்லாத நாடுகள் தங்கள் நாணயத்திலேயே விலை கொடுத்து அத்தானியத்தைப் பெறலாம். இந்தியா 1956-இல் ஒப்பந்தம் செய்து, ரூபாயில் விலை கொடுத்தது. சரக்கில் பாதியையேனும் அமெரிக்கக் கப்பல்களிலேயே ஏற்ற வேண்டும் என்பதும் விதி. இவ்வாறு அந்நாட்டு உழவருக்கும் கப்பல் முதலாளிகளுக்கும் வருவாய் கிடைத்தது.

நமக்குப் பயனில்லையா? நிச்சயமாக உண்டு. 1965, 1966 ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் அந்தக் கோதுமை பல உயிர்களைக் காத்தது. விருதுநகர் தந்த காமராசர் விரிவாக்கிய மதிய உணவுத் திட்டத்திற்கு, 1961 முதல் ‘கேர்’ நிறுவனம் வழியாகப் பால் மாவும் எண்ணெயும் வந்தன. வானம் பார்த்த பூமியில் வாழும் காரியாபட்டி மக்களாகிய நாம் பசியின் கொடுமையை அறிவோம். அவ்வுதவியை இகழ மாட்டோம்.

ஆனால் கொடுப்பவர் கை நிறுத்தினால் பெறுபவர் வயிறு வாடும். அதே வறட்சிக் காலத்தில் அதிபர் ஜான்சன் கோதுமையைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். நம் அரசு விழித்துக்கொண்டது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. பசுமைப் புரட்சி வேரூன்றியது. இங்கே சேர்ந்திருந்த ரூபாயில் 1,664 கோடிக்கான காசோலையை 1974-இல் அமெரிக்கத் தூதர் மொய்னிகன் இந்தியாவிடம் திருப்பி அளித்தார்.

உணவில் மட்டுமன்று, இயந்திரத்திலும் இதே கதைதான். 1986-இல் பிரிட்டன் தன் உதவிப் பணத்தில் தன் நாட்டு வெஸ்ட்லாண்டு ஹெலிகாப்டர்கள் 21-ஐ நமக்கு அளிக்க ஒப்பந்தம் செய்தது. அங்கே ஆலைக்கு வேலை கிடைத்தது. இங்கோ இரு விபத்துகள் நேர்ந்து, 1991-இல் அவை பறப்பதே நின்றது. உதவிப் பணத்தில் தன் நாட்டுப் பொருளையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பிரிட்டன் 2001-இல் கைவிட்டது.

பழக்கமும் ஒரு சந்தைதான். தென்கொரியா அன்று உதவியாகப் பெற்ற அமெரிக்கக் கோதுமையை இன்று விலை கொடுத்து வாங்குகிறது.

எனவே தோழியரே, உதவி வரும்போது மூன்று கேள்விகள் கேட்போம்: இது யாருடைய பொருள்? நமக்குத் தேவையானதா? நாளை நின்றுவிட்டால் நம்மால் நிற்க முடியுமா? திரும்பப் பெறக் கருதிக் கொடுப்பதை வள்ளுவர் ஈகை என்று ஏற்கவில்லை. நன்றியோடு பெறுவோம், கணக்கும் அறிந்து பெறுவோம்.