தந்தை அறிதலும் மகள் மொழியும்: மூன்று தமிழ்க் குற்றத் திரைப்படங்களை முன்வைத்து

முன்னுரை

அகப்பாடல்களில் உடன்போக்கு நிகழ்ந்த மனையில் புலம்புவோர் நற்றாயும் செவிலியுமே, தந்தை பேசுவதில்லை. புறத்தில் மகட்பாற்காஞ்சித் தந்தை மகளைக் கேட்டுவரும் வேந்தனை எதிர்க்கிறான். மகளுக்கோ அங்குக் குரலில்லை. இழந்த தந்தையை நினைந்து மகளிரே பேசும் அரிய இடம் புறநானூற்றின் 112ஆம் பாடல். அதனைப் பாடிய பாரிமகளிரின் பின்கதை, 2019 வரை விழுப்புரம் மாவட்டத்திலிருந்த திருக்கோவலூரோடு இணைந்தது. கபிலர் பாரிமகளை மலையனுக்கு அளித்துத் தீப்புகுந்த செய்தியை அவ்வூர் வீரட்டானக் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. தந்தையைப் பிரிந்த மகள் எதை அறிந்தாள், எதைப் பேசினாள் என்னும் வினாவை இக்கட்டுரை, ‘மகாநதி’ (1994), ‘கைதி’ (2019), ‘மகாராஜா’ (2024) ஆகிய படங்களிடம் எழுப்புகிறது.

சிறையும் பிரிவும்

மூன்றிலும் தந்தையையும் மகளையும் பிரிப்பது சிறையே. சந்தானபாரதி இயக்கிய ‘மகாநதி’யில் கிருஷ்ணசாமி ஏமாற்றப்பட்டுச் சிறைசெல்கிறான், மகள் காவேரியைக் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் மீட்கிறான். இங்கு அடையாளக் குழப்பம் ஏதுமில்லை. தந்தை மகளைக் கண்டவுடன் அறிகிறான். ஆயினும் அவளுக்கு நேர்ந்ததை அவன் முழுமையாக அறிவது, மீட்புக்குப்பின் அவள் உறக்கத்தில் பிதற்றுவதைக் கேட்கும்போதுதான். விழித்திருக்கும் காவேரி சொல்லாததை உறங்கும் காவேரி சொல்கிறாள். துப்பறிதல் தரக்கூடிய எந்த விடையும் இதற்கு ஈடாகாது. குற்றத்தின் சான்று மகளின் மொழியாகவே வருகிறது. ஆனால் அது அவள் அறிந்து உரைத்த மொழியன்று.

‘கைதி’யின் டில்லி, மகள் அமுதாவைப் பார்த்ததே இல்லை. தன்னைக் காண வருபவர் யாரெனத் தெரியாமல் அவள் காத்திருக்கிறாள். ஓரிரவுக் கதையின் விரைவு அவளைக் காத்திருப்பவளாகவே நிறுத்திவிடுகிறது.

ஒருபக்க அறிதல்

நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ இச்சிக்கலை முற்றிலும் திருப்பிப் போடுகிறது. இங்குச் சிறைசென்ற தந்தை செல்வம் உண்மையான குற்றவாளி. அவன் மகளை ஜோதி என்னும் பெயரில் வளர்ப்பவன் முடிதிருத்தும் மகாராஜா. ‘லட்சுமி’ என்னும் குப்பைத்தொட்டியைக் காணவில்லை என அவன் அளிக்கும் நகைப்புக்குரிய புகாரின் அடியில், ஜோதிக்குச் செல்வத்தின் கூட்டத்தார் இழைத்த கொடுமை மறைந்துள்ளது. காவேரியைப் போலன்றி ஜோதி விழித்த நிலையில், குற்றவாளியின் முகம்நோக்கிப் பேசுகிறாள். தமிழ்க் குற்றப்படங்களில் இது குறிப்பிடத்தக்க நகர்வு. எனினும் தான் யாரிடம் பேசுகிறாள் என்பதை அவள் அறியாள். தன் மகள் என்னும் உண்மை செல்வத்தை மட்டுமே சென்றடைகிறது. அவனை வீழ்த்தும் தண்டனையும் அதுவே. சோபோக்ளீசின் ஈடிபசு நாடகத்தில் உண்மை ஊரறிய வெளிப்படும். இங்கு அது இரு ஆண்களுக்கிடையே நின்றுவிடுகிறது.

மகாராஜாவின் மௌனத்தை அன்பின் காவலாகக் கொள்ள இடமுண்டு. படமும் அவ்வாறே கொள்ளுமாறு தூண்டுகிறது. ஆனால் பிறப்பைப் பற்றிய அறிவு ஜோதிக்கு உரியது. பறம்பை இழந்த மகளிர் தாம் இழந்தது யாரை, யாரால் என்பதை அறிந்தே பாடினர். ஜோதியின் சொற்கள் உறுதியானவை. அவற்றைக் கேட்டவன் தன் தந்தை என்பதை மட்டும் அவளிடம் எவரும் சொல்லவில்லை.