தபாலில் வந்த செக்கும் கணக்கில் விழும் பணமும்



இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் இந்த ஆலை வட்டாரத்தில், பெரிய கம்பெனிகளை நம்பிச் சிறு தொழில் செய்வோர் நம்மில் பலர். லேத் பட்டறை, மரப் பேலட், கேன்டீன், ஆள் ஏற்றும் வேன் என்று தொழில் வேறாக இருக்கலாம். கவலை ஒன்றுதான்: பில் பணம் எப்போது வரும்?

முன்பு இந்தக் கேள்விக்கு, "செக் தபாலில் போட்டாச்சு" என்று பதில் வரும். இப்போது பணம் நேராக வங்கிக் கணக்குக்கே வருகிறது. அப்படியும், 7-ஆம் தேதிக்குள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கைமாற்றுக்கும் வட்டிக் கடனுக்கும் அலைவது பல பட்டறைகளில் நிற்கவில்லை. பணம் போகும் வழி மாறியது. நம் கணக்குப் பழக்கம் அதோடு மாறவில்லை. அதைச் சரிசெய்வதே இந்தப் பாடம்.

1. செக்கில் கரைந்த நாட்கள்

ஒரு செக் நம் கைக்கு வந்து பணமாவதற்கு நான்கு படிகள் உண்டு. கணக்குப் பிரிவு பில்லை ஏற்க வேண்டும். கையெழுத்துப் போடுபவர் ஊரில் இருக்க வேண்டும். தபால் வந்து சேர வேண்டும். வங்கியில் கிளியரிங் ஆக வேண்டும்.

இவற்றில் கடைசிப் படி மிகவும் சுருங்கிவிட்டது. செக் காகிதத்தை ஊர் ஊராக அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் சி.டி.எஸ். முறை சென்னையில் 2011 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. 2025 அக்டோபர் 4 முதல், வங்கியில் கொடுக்கும் செக்குகள் தொடர்ச்சியாக அனுப்பப்பட்டு, அன்று மாலை 7 மணிக்குள் பணம் கொடுக்கும் வங்கி பதில் சொல்லியாக வேண்டும் என்றாகிவிட்டது.

ஆகவே, இன்று செக்கில் தாமதம் என்றால் அது பெரும்பாலும் கையெழுத்திலும் தபாலிலும்தான். மின்வழியில் அனுப்பினால் தபால் என்ற படியே இல்லை. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்ப உதவும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதலும் இரவு பகலாக, விடுமுறை நாளிலும் இயங்குகின்றன. "வங்கி லீவு" என்பதும் இனி காரணமாகாது.

ஆனால் முதல் படி அப்படியே நிற்கிறது. பில்லை ஏற்றால்தான் பணம். நம் முழுக் கவனமும் இனி அங்கே இருக்க வேண்டும்.

2. நாளை எங்கிருந்து எண்ணுவது?

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு விடை சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். அது 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, அல்லது வேலை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து இதை எண்ண வேண்டும். வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லியிருந்தால், அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

எனவே, கேட்டில் சீல் வைத்த டெலிவரி சலானும் ஜி.ஆர்.என். எண்ணும் உங்களுக்குப் பணத்துக்குச் சமம். டிரைவர் சட்டைப் பையில் கிடந்து அது தொலைந்தால், நாள் எண்ணும் ஆதாரமும் தொலைந்தது.

2024 ஏப்ரல் 1 முதல் இதற்கு இன்னொரு பலம் சேர்ந்தது. குறு, சிறு தொழில்களுக்குக் கெடு தாண்டியும் தராமல் வைத்த தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் மாதத்தில் கம்பெனிகளின் கணக்குப் பிரிவே நம்மைத் தேடுகிறது. இதற்கு உத்யம் பதிவு வேண்டும். அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாமதமானால் வட்டி கேட்கவும் இச்சட்டத்தில் வழி உண்டு. வட்டி வேண்டாம் என்று ஒதுங்கும் நம் சகோதரர்கள் அதனால் சட்டத்தையே ஒதுக்கிவிட வேண்டாம். அசலைக் காலத்தில் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நமக்கு வரவேண்டியது நேரத்தில் வந்தால், நாம் வட்டிக்கு வாங்கும் நிலையும் குறையும்.

3. வந்த பணம் எந்தப் பில்லுக்கு?

செக்கோடு ஒரு கடிதம் வரும். எந்தப் பில், எவ்வளவு பிடித்தம் என்று அதில் இருக்கும். மின்வழியில் வங்கிக் குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஜி.எஸ்.டி.யை விட்டுவிடுவோம்.

தனிநபர் நடத்தும் ஒரு லேத் பட்டறையின் கூலி வேலை பில்: ரூ.1,00,000
டி.டி.எஸ். 1 சதவீதம்: ரூ.1,000
திருப்பிய பீஸ்களுக்கு டெபிட் நோட்டு: ரூ.2,400
கணக்கில் விழுந்தது: ரூ.96,600

பட்டறைக்காரர் "பணம் வந்துவிட்டது" என்று விட்டுவிட்டால் இரண்டு நஷ்டம். டெபிட் நோட்டு சரியா என்று கேட்கும் வாய்ப்புப் போகிறது. டி.டி.எஸ். ரூ.1,000 படிவம் 26ஏ.எஸ்.-இல் தன் பேரில் ஏறியதா என்று பார்க்காமலும் போகிறது. ஆகவே ஒவ்வொரு வரவுக்கும் பேமென்ட் அட்வைஸ் கேட்டு வாங்குங்கள். யு.டி.ஆர். எண்ணைப் பில் எண்ணுக்கு நேராக எழுதுங்கள். "அனுப்பிவிட்டோம்" என்று யாராவது சொன்னால், "யு.டி.ஆர். நம்பர் கொடுங்கள்" என்பதே உங்கள் அடுத்த வார்த்தை. அந்த எண் இருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று வங்கி பார்த்துச் சொல்லும்.

4. கணக்கு எண்ணே முகவரி

செக்கில் பெயர்தான் முக்கியம். மின்வழியில் பெயரைவிடக் கணக்கு எண் முக்கியம். பெயர் சரியாக இருந்தாலும் எண் தவறினால் பணம் வேறொருவரிடம் போகும். மோசடிக்காரர்கள் புகுவதும் இந்த இடத்தில்தான். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று வழக்கமான சப்ளையர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும். அதை நம்பி அனுப்பினால் சரக்குக் கடனும் தீராது, பணமும் திரும்புவது கடினம்.

அப்படி வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசிக் கேளுங்கள். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும் முன் கணக்கு யார் பெயரில் உள்ளது என்று காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது, அதைப் பயன்படுத்துங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு நல்லது.

5. செக் புத்தகத்தைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். கம்பெனியில் வெண்டராகப் பதியக் கேன்சல் செக் கேட்பார்கள். கடனுக்குச் சரக்குக் கொடுக்கும்போது செக் ஒரு பிடிமானம்: அது திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். செக்கில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதமே அது செல்லும் என்பதை மறக்காதீர்கள். வாங்கியவர் தன் கணக்கிலிருந்து மின்வழியில் எடுத்துக்கொள்ள எழுதிக் கொடுத்து, பணமில்லாமல் அது திரும்பினாலும், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் அதே போன்ற தண்டனை உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

• ஒரு நோட்டில் ஆறு கட்டம் போடுங்கள்: பில் எண், சரக்குச் சேர்ந்த நாள், கெடு நாள், வந்த நாள், யு.டி.ஆர். எண், பிடித்தம்.
• நிலுவையில் உள்ள எல்லாப் பில்லையும் அதில் ஏற்றுங்கள். கெடு தாண்டியவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.
• கெடுவுக்கு 5 நாள் முன்பே கணக்குப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.
• கணக்கு எழுதத் தயங்குபவர், படித்த மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

உங்களுக்கு இன்று வரவேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? அதில் கெடு தாண்டியது எவ்வளவு? நீங்கள் பிறருக்குத் தரவேண்டியதில் கெடு தாண்டியது எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு முதலில் விடை எழுதுங்கள். நமக்கு வரும் பணத்தில் எதிர்பார்க்கும் ஒழுங்கை, நம்மிடம் வேலை செய்பவருக்கும் நமக்குச் சரக்குத் தந்தவருக்கும் நாம் முதலில் காட்டுவோம்.