தேர்ந்து தெளிதல்

நம் வாழ்க்கைக்கு வேண்டிய வேலைகள் அனைத்தையும் நாமே செய்துகொள்ளல் இயலாது. ஆடை தைக்க ஒருவர், கதவு நிலை செப்பனிட ஒருவர், மின்கம்பி பழுதுபார்க்க ஒருவர் எனப் பலருடைய கைகளை நாடி நிற்கிறோம். ஒரு பொருளைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது அதனோடு நம் நம்பிக்கையையும் சேர்த்தே ஒப்படைக்கிறோம். பொருள் கெட்டால் வேறொன்று வாங்கலாம்; நம்பிக்கை கெட்டால் அதனை எக்கடையிலும் வாங்குதல் இயலாது. ஆதலின், யாரை நம்புவது, எவ்வாறு ஆராய்ந்து நம்புவது என்பது குடும்பம் நடத்துவார் அனைவர்க்கும் வேண்டிய அறிவாகும். வீட்டில் விரிக்கும் கம்பளத்தைத் தூய்மை செய்வித்தல் என்னும் சிறு செயலைக் கொண்டே இதனை இங்கு விளக்குவோம்.

தாம்பரத்தை அடுத்துத் தெற்கே, பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அருகருகே செல்லும் இடத்தில் அமைந்துள்ளது பெருங்களத்தூர். முன்னர்ப் பேரூராட்சியாக விளங்கிய இவ்வூர், 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுள் அடங்கிற்று. பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இங்கு மிகுதி. சிற்றூரில் ஒவ்வொரு தொழிலாளியின் நேர்மையையும் திறமையையும் ஊரே அறியும். புதியவன் ஒருவனை நம்பவேண்டிய தேவை அங்கு அரிதாகவே நேரும். இங்கோ, அடுத்த வீட்டாரின் பெயரே சிலருக்குத் தெரியாது. வாயிலில் வந்து நிற்பவர் யாவரும் புதியவரே. அறியாதாரை அறிந்துகொண்டு வாழவேண்டிய ஊர் இது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் பெய்த பெருமழையை இப்பகுதியார் மறவார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களிற் புகுந்தது. பெருங்களத்தூரிலும் பல தெருக்கள் நீரில் மூழ்கின. எங்கள் வீட்டினுள்ளும் நீர் நுழைந்தது. நான் விரைந்து இரண்டு பொருள்களைப் பரண்மேல் ஏற்றினேன். ஒன்று, என் தமையனார் படையிற் பணிபுரிந்த காலத்தில் காசுமீரத்திலிருந்து வாங்கிவந்த கம்பளி விரிப்பு. மற்றொன்று, என் தந்தையார் மாலைதோறும் பிள்ளைகளை அமர்த்திப் பாடஞ் சொல்லிக்கொடுத்த பவானி ஜமக்காளம். இருவரும் இன்று இல்லை. வெள்ளம் அவற்றைத் தீண்டவில்லை. ஆயினும் கூரை ஒழுகி இரண்டையும் நனைத்துவிட்டது.

வெள்ளம் வடிந்த சின்னாட்களில், விரிப்புகளைக் குறைந்த கூலிக்குத் தூய்மை செய்து தருவதாகக் கூறிக்கொண்டு ஒருவர் தெருவில் வந்தார். நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “என்ன கூலி?” அவர் சொன்ன தொகை மிகவும் குறைவு. மகிழ்ந்து கம்பளி விரிப்பை எடுத்துக் கொடுத்தேன். அவர் இருப்பிடம் யாது, எம்முறையில் தூய்மை செய்வார், என்று திருப்பித் தருவார் என்பவற்றுள் ஒன்றையும் கேட்டேனில்லை. நான்காம் நாள் விரிப்பு திரும்பி வந்தது. செந்நிறம் வெண்ணிறத்திற் பாய்ந்து பூவேலை அனைத்தும் கலங்கியிருந்தது. விரலால் இழுத்த இடத்தில் நூல் உதிர்ந்தது. பிளீச்சிங் தூள் என வழங்கும் சலவைத்தூளைக் கரைத்த நீரில் அதனை ஊறவைத்திருக்கிறார். கம்பளி, நம் தலைமயிரைப் போலப் புரதத்தால் ஆயது. சலவைத்தூளின் குளோரின் அப்புரதத்தை அரித்துவிடும். அவர் இதனை அறியாதவர். அவர் அறிவாரா என்று நானும் ஆராய்ந்திலேன். கூலியில் மிச்சம் பிடித்தேன். தமையனார் நினைவாக இருந்த பொருளை இழந்தேன்.

எஞ்சியது ஜமக்காளம். இம்முறை நான் அவசரப்படவில்லை. அடுத்த தெருவில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவர், தம் வீட்டு விரிப்புகளைப் பல ஆண்டுகளாகத் தூய்மை செய்துவரும் முதியவர் ஒருவரைப்பற்றிச் சொன்னார். அவர் வீட்டிற்குச் சென்று விரிப்புகளை என் கண்ணாற் பார்த்தபின்னரே முதியவரை வரவழைத்தேன்.

வந்தவர் கூலியைப்பற்றிப் பேசவில்லை. மாறாக, என்னை மூன்று கேள்விகள் கேட்டார். “ஐயா, இது என்ன நூல்? எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது? நனைத்தது மழைநீரா, சாக்கடை கலந்த வெள்ளமா?” பிறகு ஓரத்தில் தொங்கிய நூலிழை ஒன்றைக் கத்தரித்துத் தீயிற் காட்டினார். கம்பளியாயின் மயிர் கருகும் நாற்றம் எழும். செயற்கை இழையாயின் உருகிக் குமிழாகும். பருத்தியாயின் காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். இது பருத்தி. (பெரியோர் துணையின்றிச் சிறுவர் இதனைச் செய்தலாகாது.) பின்னர் வெண்டுணி ஒன்றை நனைத்துக் கண்ணிற் படாத மூலையில் அழுத்தி எடுத்தார். துணியில் சிறிது செம்மை படிந்தது. “சாயம் கசிகிறது. வெந்நீர் ஆகாது, தண்ணீரும் காரம் குறைந்த சவர்க்காரமுமே ஏற்கும். இந்த மூலையில் உள்ள பூஞ்சைக் கறை முழுதும் போகாது. முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்” என்றார்.

அதன்பின் நீள அகலங்களை அளந்தார். ஒன்பது அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்டது ஐம்பத்துநான்கு சதுர அடி. சதுர அடிக்கு இன்ன கூலி, இன்ன நாளில் திருப்பித் தருவேன் என ஒரு தாளில் எழுதித் தந்தார்.

அவ்வேளையில் பக்கத்து வீட்டாரும் அவரை அழைத்தனர். அவர்கள் வீட்டில் தடித்த பஞ்சடியோடு கூடிய பெரிய கம்பளம் தரை முழுதும் விரிக்கப்பட்டிருந்தது. சாக்கடை கலந்த நீரில் அது பல நாள் ஊறியிருந்தது. அதனைத் தூய்மை செய்தால் என் ஜமக்காளத்தைப் போற் பன்மடங்கு கூலி கிடைக்கும். முதியவர் அதனை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “அம்மா, இதனைக் கழுவுதல் வீண். நனைந்தது இரண்டு நாளுக்குள் உலராவிடில் பூஞ்சை பற்றும். மேலே வெளுத்துக் காட்டலாம். உள்ளே பஞ்சில் புகுந்த அழுக்கை எடுக்க என்னால் இயலாது. குழந்தை தவழும் வீட்டில் இது வேண்டா, கழித்துவிடுங்கள்” என்று கூறித் திரும்பினார். அப்பொழுதே அவர்மீது எனக்கு முழு நம்பிக்கை பிறந்தது. செய்யத் தெரிந்ததைச் சொல்லுதல் யார்க்கும் எளிது. செய்ய இயலாததைச் சொல்லி, வருகின்ற கூலியை விடுதல் நேர்மையாளர்க்கே இயல்வது.

குறித்த நாளில் ஜமக்காளம் வந்தது. முதலில் பின்புறத்தைத் தட்டிப் புழுதி நீக்கி, சவர்க்காரம் சிறிதும் எஞ்சாதவாறு பலமுறை அலசி, முறுக்காமற் சுருட்டி நீர் வடித்து, காற்றோட்டமுள்ள நிழலில் இருபுறமும் உலர்த்தியிருந்தார். சவர்க்காரம் எஞ்சினால் அதுவே புதிய அழுக்கை ஈர்க்கும் என்பது அவர் தந்த விளக்கம். அவர் சொன்னவாறே மூலையிற் சிறு கறை நின்றிருந்தது. அதனைக் கண்டு நான் வருந்தவில்லை. அவர் சொல் பொய்யாமைக்கு அது சான்றாக இருந்தது.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் வகுத்துள்ளார். அரசன் தனக்குத் துணையாவாரை ஆராய்ந்து தேர்தலைப்பற்றியது அது. எனினும் வீட்டிற்கு ஒரு தொழிலாளியைத் தேர்வார்க்கும் அது பொருந்தும். ஒருவர் செய்த செயலே அவரை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் என்பது அவர் கருத்து. ஆதலின், ஒருவருடைய பேச்சைக் கேட்குமுன் அவர் முன்னர்ச் செய்த வேலையைக் காணவேண்டும். குணமும் குற்றமும் நாடி, மிகுதியானதைக் கொள்ளவேண்டும் என்பதும் அவர் காட்டும் நெறியே. பொருளைப் பாராமலே கூலி கூறுபவரையும், எக்கறையும் போகும் என்று உறுதி கூறுபவரையும், முழுத் தொகையையும் முன்னரே கேட்பவரையும், எழுதித் தரத் தயங்குபவரையும் ஐயுறுதல் தகும். மிகக் குறைந்த கூலியும் ஆராயத்தக்கதே.

எழுதிய சீட்டைப் பாதுகாத்தல் நம் கடமை. வாங்கிய பணிக்கு உரிய தரம் இல்லையெனில் முறையிட, நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டிலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இப்பொழுது நடைமுறையில் உள்ளது. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அணுகலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். அங்கெல்லாம் சான்றாவது அச்சிறு சீட்டே.

நம்பிக்கை ஒருபுறம் மட்டும் நிற்பதன்று. கறை எதனால் நேர்ந்தது என்பதை மறையாமற் கூறுதல், பேசிய கூலியைக் குறித்த நாளில் கொடுத்தல், தெளிந்தபின் அடிக்கடி ஐயுற்றுத் தொழிலாளியின் மனத்தை வருத்தாதிருத்தல் ஆகியன வீட்டார் கடமைகள். ஆராயாமல் நம்புதல் எத்துணைத் தீங்கோ, ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் அத்துணைத் தீங்கே என்பது வள்ளுவர் கருத்தன்றோ?

இன்றும் எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த ஜமக்காளத்தில் அமர்ந்தே பாடம் படிக்கின்றனர். மூலையில் உள்ள கறை எதனால் ஆயிற்று என்று அவர்கள் கேட்பதுண்டு. இக்கதையை நான் அவர்களுக்குச் சொல்வேன்.

பயிற்சி

1. ஆசிரியர் முதலில் செய்த தவறு யாது? அதனால் நேர்ந்த இழப்பு யாது?
2. முதியவர் கேட்ட மூன்று கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றையும் கேட்டதன் காரணத்தை விளக்குக.
3. “மூலையிற் சிறு கறை நின்றிருந்தது. அதனைக் கண்டு நான் வருந்தவில்லை.” ஏன்?
4. கம்பளி, பருத்தி, செயற்கை இழை ஆகியவற்றை வேறுபடுத்தி அறியும் முறை யாது?
5. உங்கள் வீட்டிற்கு வரும் தொழிலாளி ஒருவரிடம் நீங்கள் கண்ட நேர்மையைப்பற்றி ஒரு பத்தி எழுதுக.