அட்மின் கணக்கு யார் கையில்?

2021-ல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியாக. பாஸ்வேர்டைத் தாண்டி இரண்டாவது சரிபார்ப்பு அதற்கு இல்லை. அந்த நிறுவனத்தின் எரிபொருள் குழாயே சில நாட்கள் நின்றுபோனது. சிறு நிறுவனங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதைக் குறைக்க இவற்றைச் செய்யுங்கள்:

* கணக்கு மென்பொருளான டாலியில் பில் போடுபவருக்கு அந்த அனுமதி மட்டும் போதும். பழைய பதிவை அழிக்கும் உரிமை வேண்டாம்.

* அட்மின் கணக்கில் இருந்தபடி மெயில் பார்க்காதீர்கள். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

* ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பகிர்ந்தால், எதையாவது மாற்றியது யாரென்று கண்டுபிடிக்க முடியாது. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள்.

* அட்மின் கணக்குகளுக்கு ஆதென்டிகேட்டர் ஆப் கட்டாயம்.

* தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கில் சர்வீஸ்காரருக்கு நிரந்தர பாஸ்வேர்டு தராதீர்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.

* ஊழியர் விலகும் அன்றே அவரது கணக்கை முடக்குங்கள்.

* மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்மின் பட்டியலைச் சரிபாருங்கள்.

உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்கு அட்மின் உரிமை இருக்கிறது? இன்றே பாருங்கள், தேவையில்லாதவற்றை உடனே நீக்குங்கள்.