பல் ஊசி போட்டதும் மயக்கமா?

மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி, பல் பிடுங்கப் போகிறீர்கள். "ஊசி போடுவாங்களே, சாப்பிடலாமோ கூடாதோ..." என்ற குழப்பத்தில் காலையில் இட்லியைத் தொடவே இல்லை. வெயில், கூட்டம், மனசுக்குள் திக் திக். ஊசியைப் பார்த்த உடனே கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது!

அதோடு, "எனக்கு அந்த ஊசி ஒத்துக்காதுப்பா" என்று முடிவு கட்டி, சொத்தைப் பல்லோடு வருஷக் கணக்கில் அவதிப்படுகிறீர்கள். பாவம், பெரும்பாலும் தப்பு மருந்தின் மேல் இல்லை. பயத்தின் மேல்தான்!

பயமும் வலியும் சேர்ந்தால் சிலருக்கு இதயத்துடிப்பு திடீரென்று குறைந்துவிடும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் கால் பக்கம் தங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் மயக்கம் வருகிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் இது சுலபமாக வரும், படுத்திருந்தால் அபூர்வம்.

சரி, தடுப்பது எப்படி?

* சாப்பிட்டுவிட்டே போங்கள். வெறும் வயிறு வேண்டியது முழு மயக்க மருந்துக்குத்தான். பல்லை மட்டும் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசிக்கு அது தேவையில்லை. சர்க்கரை நோயாளிகள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது ஆபத்து.

* முன்பு மயங்கியிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதில் என்ன வெட்கம்? நாற்காலியை நன்றாகச் சாய்த்து, ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவி, நிதானமாக ஊசி போடுவார்.

* ஊசியைப் பார்க்காதீர்கள்.

* வியர்வை, கொட்டாவி, குமட்டல் வந்தால் உடனே கையைத் தூக்கிக் காட்டுங்கள். தொடை, கால் தசைகளை இறுக்கிப் பிடியுங்கள்.

* சிகிச்சை முடிந்ததும் சடாரென்று எழுந்திருக்காதீர்கள்.

அப்படியும் மயங்கிவிட்டால், கூட வந்தவர்கள் பதற வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தினால் போதும். நிறைமாத கர்ப்பிணியானால் இடது பக்கமாகச் சாய்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம். டாக்டர் உடனே கவனிக்க வேண்டும்.

உடம்பில் தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். வெறும் மயக்கத்துக்கு 'அலர்ஜி' என்று பேர் வைக்காதீர்கள்.

அடுத்த தடவை இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்!