தீயைப் படம் பிடிக்கப் போனாங்க, பறவை கிடைச்சது!

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊர் செம்பருத்தியில தேன் குடிக்க வர்றது தேன்சிட்டு, ஹம்மிங்பேர்டு இல்லை. ஹம்மிங்பேர்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அதில் ஒன்றுதான் நீலத்தாடி ஹெல்மெட்கிரெஸ்ட். ஆண் பறவைக்குத் தலையில் கூரான கொண்டை, தொண்டையில் நீலத் தாடி.

கொலம்பியாவின் வடகோடியில் கடலோரமாகவே எழும் மலை சியரா நெவாடா டி சாண்டா மார்த்தா. அதன் உச்சிப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பறவை கிடையாது.

அந்தரத்தில் நின்றபடி தேன் குடிப்பதுதானே ஹம்மிங்பேர்டின் ஸ்பெஷல்? நாம படிச்ச லிஃப்ட் சமன்பாட்டில் காற்றின் அடர்த்தி வரும், ஞாபகம் இருக்கா? 4000 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே அந்தரத்தில் நிற்க சக்தி அதிகம் செலவாகும். ஹெல்மெட்கிரெஸ்டுகளோ பெரும்பாலும் பூவின்மேலேயே கால் ஊன்றிக் குடிக்கும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த விஷயம்.

1880-லேயே பெயர் வைத்தாச்சு. ஆனால் பிறகு நெடுங்காலம் வேறொரு இனத்தின் உட்பிரிவாகத்தான் கருதினார்கள். 1946-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 2013-ல் தனி இனமாகப் பிரித்தபோதுதான், 'இது இன்னும் உயிரோட இருக்கா?' என்ற கேள்வியே சூடுபிடித்தது.

2015 மார்ச். புரோஆவெஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் கார்லோஸ் ஹூலியோ ரோஹாஸும் கிறிஸ்டியன் வாஸ்கெஸும் மலைமேல் போனது, மனிதர்கள் வைக்கும் தீயைப் பதிவு செய்ய. அங்கே ரோஹாஸ் முன்னால் சட்டென்று ஏதோ பறந்தது. கேமரா கையில் இருந்தது. 69 வருடம் காணாமல் போன பறவை! மொத்தம் மூன்றைப் பார்த்தார்கள்.

செய்திகள் இதை 'மீண்டும் கிடைத்தது' என்று கொண்டாடின. அவர்கள் பதிவு செய்யப் போன தீயைப் பற்றித்தான் நாம அதிகம் பேசணும். மாடு மேய இளம்புல் துளிர்க்கட்டும் என்று வருடாவருடம் புல்வெளிக்கு நெருப்பு வைக்கிறார்கள். புல் சீக்கிரம் திரும்பி வந்துடும். ஆனால் இந்தப் பறவை தேனுக்கு நம்பியிருப்பது ஃப்ரைலெஹோன் வகைச் செடி ஒன்றை. அதுவும் இந்த மலைக்கே உரியது, மெதுவாகத்தான் வளரும். ஒருமுறை எரிந்தால் மறுபடி பூக்கப் பல வருடம் ஆகும். அடுத்த தீயோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது.